காணாத மலையும் கருதலளவையும்

வெள்ளிக் கோளின் வடபாதியில், லட்சுமி பீடபூமியின் கிழக்கு விளிம்பில், மேக்ஸ்வெல் மலைத்தொடர் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். எவரெஸ்டை விஞ்சிய உயரம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெள்ளியில் கடலும் இல்லை, கடல்மட்டமும் இல்லை. 6,052 கிலோமீட்டர் ஆரம் கொண்ட, கணக்கில் மட்டுமே உள்ள ஒரு கோளத்திலிருந்து எண்ணிய உயரம் அது. அந்த மலைமேல் எந்த மனிதரின் பார்வையும் பட்டதில்லை. கந்தக அமில மேகங்கள் அந்தக் கோளை ஓர் இடுக்குக்கூட விடாமல் மூடியிருக்கின்றன. கீழே வெப்பம் 460 பாகையை ஒட்டியது. காற்றழுத்தம் நம்முடையதைப்போல் 90 மடங்குக்கும் மேல். அங்கே இறங்கிய கலங்கள் ஓரிரு மணி நேரம் தாக்குப்பிடித்ததே பெரிது. இருந்தும் அப்படியொரு மலை உண்டு என்பதில் ஆய்வாளர் எவருக்கும் ஐயமில்லை; எனக்கும் இல்லை. இந்த ஐயமின்மை எந்த அளவையின் மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கண்டறியும் காட்சியா, ஏதுவால் உய்த்தறியும் கருதலா, பிறர் சொல்லால் அறியும் உரையா? இது ஏட்டுக் கேள்வி அல்ல. கண்ணால் கண்டதைத்தான் ஒப்புவேன் என்போரும், விஞ்ஞானமே காணாததை நம்பும்போது நான் கடவுளை நம்பினால் என்ன குறை என்போரும், இதற்கான விடையைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். இருவர் இழுப்பும் தவறு என்பது என் துணிபு.

முதலில் அந்த மலை நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1989 மே மாதம் புறப்பட்டு 1990 ஆகஸ்டில் வெள்ளியைச் சுற்றத் தொடங்கிய மெகெல்லன் விண்கலம், 12.6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பியது. மேகம் இந்த அலைக்குத் தடையில்லை. தரையில் பட்டுத் திரும்பும் எதிரலையில் கலம் குறித்துக்கொண்டவை அடிப்படையில் மூன்று: எவ்வளவு நேரம் கழித்து வந்தது, அதிர்வெண் எவ்வளவு மாறி வந்தது, எவ்வளவு வலுவாக வந்தது. நேரம் தூரத்தைச் சொல்லும். கலம் ஓடிக்கொண்டே இருப்பதால் முன்னாலுள்ள தரையிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் கூடும், பின்னாலுள்ளதிலிருந்து குறையும். ஆகவே அதிர்வெண் திசையைச் சொல்லும். இரண்டையும் வைத்து, இந்த எதிரலை இந்த இடத்திலிருந்து வந்தது என்று கணக்கிட்டு, அதன் வலிமையை அந்த இடத்தில் வெளிச்சமாக இட்டு நிரப்பினால் படம். செங்குத்தாகக் கீழ்நோக்கிய இன்னொரு சிறிய ஆன்டெனா உயரத்தை அளந்தது. இப்படி அந்தக் கோளின் 98 விழுக்காடு வரைபடமானது.

அந்தப் படம் புகைப்படம் போலவே தோன்றுகிறது. அதில்தான் ஆபத்து. புகைப்படத்தில் வெளுத்த இடம் வெளுத்த பொருள் என்று எடுத்துக்கொள்வோம். ரேடார் படத்தில் வெளுப்பு என்றால் அந்தத் தரை கரடுமுரடாக இருக்கலாம், கலத்தை நோக்கிச் சாய்ந்திருக்கலாம், அல்லது ரேடியோ அலையை நன்றாகத் திருப்பும் பொருளால் ஆனதாக இருக்கலாம். மலைகளோ கலம் இருந்த பக்கம் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். சிகரம் அடிவாரத்தைவிடக் கலத்துக்கு அருகில் இருப்பதால் அதன் எதிரலை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. பூமியிலிருந்து, புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி கொண்டு வெள்ளியை ஆராய்ந்த காலத்தில், கோளின் வடபாதியில் ஒரு புள்ளியும் தென்பாதியில் ஒரு புள்ளியும் ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் எதிரலை தரும் சிக்கல் இருந்தது. எது வடக்கு, எது தெற்கு என்று அந்த எதிரலை தானாகச் சொல்லாது. வேறொரு நாளில், வேறொரு கோணத்தில் எடுத்த அளவீட்டோடு ஒப்பிட்டோ, இரண்டு ஆன்டெனாக்களைச் சேர்த்தோதான் பிரிக்க வேண்டும். மேக்ஸ்வெல் முதலில் 1960-களில் அங்கிருந்துதான் ஒரு வெளிச்சத் திட்டாக அகப்பட்டது. மின்காந்த அலைகளின் சமன்பாடுகளைத் தந்தவர் பெயரை அதற்கு இட்டது பொருத்தம்தான். பெரும்பாலும் பெண்பெயர்களே வழங்கும் அந்தக் கோளில் ஆண்பெயர் பெற்ற ஒரே இடம் அது.

ஆகவே இது காட்சி அல்ல. இங்கே ஒரு மறுப்பு எழும்: கண்ணும் இதைத்தானே செய்கிறது? ஒளி வருகிறது, விழித்திரையில் படுகிறது, மூளை எதையோ கணக்கிட்டு மலை என்கிறது. ரேடார் அதைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறது, அவ்வளவுதானே? இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆனால் கண் செய்யும் கணக்கை நாம் செய்வதில்லை. அது நமக்குள் நமக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது, அதன் இடைப்படிகளைப் பிரித்தெடுத்து இது சரியா என்று கேட்க முடியாது. ரேடாரில் ஒவ்வொரு படியும் எழுதி வைக்கப்பட்டது. வெள்ளியின் அடர்ந்த காற்று அலையை எவ்வளவு வளைக்கும், கலம் அந்த நொடியில் எங்கே இருந்தது, கோள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என ஒவ்வொன்றும் ஒரு தனிக் கூற்று. ஒவ்வொன்றையும் தனியே மறுக்கலாம், திருத்தலாம். காட்சிக்கும் கருதலுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இந்த இடத்தில் வைக்கிறேன். கருதலில் ஏது வெளிப்படையாக நிற்கிறது.

இதை நம் மரபு நன்றாகவே அறிந்திருந்தது. வஞ்சி நகரில் மணிமேகலை சமயக்கணக்கர்களிடம் அவரவர் திறம் கேட்கும் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். பூதவாதி கண்கூடு ஒன்றைத் தவிர மற்றதை ஏற்பதில்லை. அவனிடம் மணிமேகலை கேட்பது கூர்மையான கேள்வி: உன் தாய் தந்தையை இன்னார் என்று கருதலால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லித்தரும் பௌத்த அளவையியல் காட்சி, கருதல் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. பின்னாளில் சிவஞான சித்தியார் பலர் பலவாறு கூறிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. இத்தனை கருத்து வேறுபாட்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த எடுத்துக்காட்டு ஒன்று: அந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. பக்கம், ஏது, திட்டாந்தம். இதில் மலை கண்ணெதிரே இருக்கிறது, நெருப்புதான் மறைவு. வெள்ளியிலோ மலையே மறைவு. நிறுவ வேண்டியதே அதுதான்.

அப்படியானால் ரேடாரின் அடுக்களை எது? பூமிதான். ஏறிப் பார்த்த மலைகள், நடந்து அளந்த பள்ளத்தாக்குகள் இவற்றின் மேல் 1978-இல் சீசாட் செயற்கைக்கோளிலிருந்தும், 1980-களில் விண்வெளி ஓடத்திலிருந்தும் ரேடார் அலையைப் பாய்ச்சி, இன்ன நிலத்துக்கு இன்ன எதிரலை என்று பழகிக்கொண்டார்கள். நேரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உடனிகழ்ச்சி அங்கே உறுதியானது. ஆனால் அடுக்களையில் கண்டதை மலைக்குக் கொண்டுபோகும்போது தடுக்கும் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லித்தந்தவர்களும் நம் தருக்க நூலார்தான். மூடுபனியைப் புகை என்று கொண்டு நெருப்பைக் கருதுவது அவர்கள் அலுக்காமல் சுட்டிக்காட்டிய பிழை. வெள்ளியின் வரலாற்றில் இந்தப் பிழை சொல்லுக்குச் சொல் நடந்திருக்கிறது. மேகம் இருக்கிறது, மேகம் என்றால் நீர், ஆகவே கீழே ஈரம் சொட்டும் சதுப்பு நிலம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற அர்ரேனியஸ் போன்ற ஒருவரே எழுதினார். நம் அடுக்களையில் மேகம் நீரால் ஆனது. அங்கே மேகம் அமிலத்தால் ஆனது. காட்சியை நம்பியவர்கள் பிழைத்துக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. தொலைநோக்கியில் கண்ட மங்கலான கறைகளைக் கொண்டு வெள்ளி 24 மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஒருமுறை சுழல்கிறது என்றார்கள் ஒரு சாரார். வானியலாளர் ஷியாபரெல்லி அது 225 நாளுக்கு ஒருமுறை என்றார். 1960-களின் தொடக்கத்தில் ரேடார் சொன்ன விடை 243 நாள், அதுவும் எதிர்த்திசையில். இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேர்ந்த கண்கள் கண்டது ஒன்றுமே நிற்கவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1958-இல் நடந்தது. அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகம் அந்த ஆண்டு பிப்ரவரியில் வெள்ளிக்கு ரேடார் அலை அனுப்பி, பதிவுகளை நெடுநாள் அலசி, எதிரலை கிடைத்துவிட்டது என்று மறு ஆண்டு அறிவித்தது. 1959 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் நிலையமும் அதை ஒட்டிய விடையைக் கண்டதாகச் சொன்னது. ஒருவர் சொல்ல மற்றவர் ஆமோதிக்க, உரையளவை இதைவிட எப்படி வலுப்பெறும்? ஆனால் அதே லிங்கன் ஆய்வகம் மீண்டும் முயன்றபோது எதுவும் கிடைக்கவில்லை. 1961 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனா உண்மையான எதிரலையைப் பிடித்தபோது அது வேறொரு தூரத்தைச் சொன்னது. முதலிரண்டும் வெறும் இரைச்சல். எதிர்பார்த்த இடத்தில் தேடியதால் எதிர்பார்த்தது கிடைத்தது. தேடுகிறவனின் விருப்பம் ஏதுவின் இடத்தில் ஏறி அமர்ந்துகொள்ளும் இந்த நிலையைச் சமயத்துக்கு மட்டுமே உரிய நோயாகப் பேசுவது நியாயமில்லை. நேர்மையான ஆய்வாளர்களுக்கும் அது வரும். அங்கே அதைப் பிடிக்க ஒரு வழி இருந்தது, பிடித்தவர்களில் பிழை செய்தவர்களும் இருந்தார்கள் என்பதைத்தான் நான் குறித்துக்கொள்கிறேன்.

இந்தப் பின்னணியில் மேக்ஸ்வெல் ஏன் நிற்கிறது? ஒரு சங்கிலியில் அது தொங்கவில்லை. அரெசிபோ கண்ட திட்டில் 1978-இல் சென்ற பயனியர் வீனஸ் கலம் உயரத்தை அளந்தது. 1983-இல் சோவியத் நாட்டின் வெனேரா 15, 16 கலங்கள் வேறு அலைநீளத்தில், வேறு கருவியில், வேறு கணக்கில் அதே மலையை வரைந்தன. இரண்டு வல்லரசுகளும் ஒருவர் பிழையை மற்றவர் காட்டக் காத்திருந்த காலம் அது. இவையெல்லாம் எதிரலைதானே, எதிரலையிலேயே பிழை இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். கேட்க வேண்டும். அதற்கும் விடை உண்டு. மெகெல்லன் தன் கடைசி இரண்டு ஆண்டுகளில் படம் எடுப்பதை விட்டு, தான் எப்படி இழுக்கப்படுகிறது என்பதை மட்டும் தெரிவித்தது. உயர்ந்த நிலங்கள் பலவற்றின் மேல் கடக்கையில் அதன் வேகம் நூலளவு மாறியது. அங்கே மலை எடையால் சாட்சி சொல்கிறது. 2015 டிசம்பரில் ஜப்பானின் அகாட்சுகி கலம், மேக உச்சியில் வடக்கு தெற்காக 10,000 கிலோமீட்டர் நீண்ட வில் போன்ற ஒரு கோட்டைக் கண்டது. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடும் மேகத்துக்கு நடுவே அது ஓரிடத்திலேயே நின்றது. அதற்கு நேர் கீழே, ரேடார் வரைந்த அஃப்ரோடைட்டி மேட்டுநிலம். காற்று மலையில் மோதி மேலெழுப்பிய அலை அது. 2020, 2021 ஆண்டுகளில் சூரியனை நோக்கிச் சென்ற பார்க்கர் கலத்தின் காமிரா, வெள்ளியின் இரவுப் பக்கத்தை எடுத்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. 460 பாகையில் தரை மங்கலாகச் சிவந்து ஒளிர்கிறது. அந்த ஒளியில் சிறிதளவு மேகத்தைக் கடந்து வெளியேறுகிறது. உயரம் கூடினால் வெப்பம் குறையும் என்பதால் மேட்டுநிலம் கறுத்துத் தெரிய வேண்டும். அஃப்ரோடைட்டி கறுத்துத் தெரிந்தது, ரேடார் சொன்ன இடத்தில், ரேடார் சொன்ன வடிவில். நேரம், எடை, காற்று, வெப்பம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. நான்கும் ஒரே பிழையைச் செய்திருக்கும் என்று கருத எனக்கு ஏது எதுவும் தெரியவில்லை.

அதே படத்திலேயே உறுதியில்லாத பகுதியும் உண்டு, அதை மறைப்பாரும் இல்லை. மேக்ஸ்வெல்லின் மேற்பகுதி, ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல், பனி போர்த்தியதுபோல் ரேடாரில் பளிச்சென்று வெளுக்கிறது. அந்த வெப்பத்தில் நீர்ப்பனி இருக்க வழியில்லை. இரும்புக் கந்தகக் கனிமம் என்றார்கள், டெல்லூரியம் என்றார்கள், ஈயமும் பிஸ்மத்தும் கந்தகத்தோடு சேர்ந்து கீழே ஆவியாகி மேலே படிந்தவை என்றார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரே எதிரலையில் வந்த செய்திகள்தான். நேரம் சொன்ன உயரம் உறுதி. வலிமை சொன்ன பொருள் ஐயம். நம்பிக்கையை மொத்தமாக வைப்பதோ மொத்தமாக எடுப்பதோ இங்கே இல்லை. இந்த நுணுக்கம் பொதுமக்களிடம் வந்து சேரும்போது தொலைந்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. மெகெல்லன் தரவிலிருந்து செய்து வெளியிட்ட புகழ்பெற்ற மலைக்காட்சிகளில் உயரம் 22.5 மடங்கு வரை இழுத்து உயர்த்தப்பட்டிருக்கிறது. அவற்றின் செம்மஞ்சள் நிறம் ரேடாரிலிருந்து வந்ததல்ல. தரையிறங்கிய வெனேரா கலங்களின் படங்களைப் பின்பற்றிப் பூசியது. குறிப்பில் இது சொல்லப்பட்டிருந்தது, ஆனால் குறிப்பை யார் படித்தார்கள்? கருதலைக் காட்சியாக வேடமிட்டால்தான் மக்கள் நம்புவார்கள் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. அந்த வேடம் கருதலை வலுப்படுத்துவதில்லை. வேடம் கலைகிற அன்று உண்மையான பகுதியும் சேர்ந்து ஐயத்துக்கு உள்ளாகும்.

இனி சமயத்தின் பக்கம். காணாததை நம்புவதில் விஞ்ஞானமும் சமயமும் ஒன்று என்ற வாதத்துக்கு நம் நாட்டில் மதிப்பான முன்னோடிகள் உண்டு. உலகம் ஆக்கப்பட்ட பொருள், ஆக்கப்பட்டதற்கு ஆக்கியவன் உண்டு, குடத்துக்குக் குயவன் போல என்று நியாய நூலார் கருதலாலேயே இறைவனை நிறுவ முயன்றார்கள். அவர்களுள் ஒருவரான உதயணர் அதற்கென்றே ஒரு நூல் செய்தார். சைவ சித்தாந்தமும் அந்த வழியில் தொடங்குகிறது. இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதன் அடுக்களையைக் கேட்க வேண்டும். குயவன் குடம் வனைவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருவன் உலகம் ஆக்குவதை ஒருமுறையும் கண்டதில்லை. 7-ஆம் நூற்றாண்டில் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி கேட்டார்: புற்றும் மண்ணால் ஆனதுதான், அதைக் குயவனா வனைந்தான்? இது இறைவன் இல்லை என்று நிறுவாது. இந்த ஏது அந்தத் துணிபைத் தாங்காது என்று மட்டும் காட்டும். வெள்ளியின் மேட்டுநிலங்களுக்கு நான்கு சங்கிலிகள் கிடைத்ததுபோல் ஒன்றுக்கொன்று உறவில்லாத வேறு ஏதுக்கள் இங்கே வந்து சேரவில்லை.

உரையளவையைக் கொண்டு இன்னொரு மறுப்பு வரும். வெள்ளியில் மலை உண்டு என்பதை நீங்கள் அளந்தா அறிந்தீர்கள்? யாரோ சொன்னதைக் கேட்டீர்கள். நாங்கள் ஆகமம் சொன்னதைக் கேட்கிறோம். இரண்டும் நம்பத்தக்கவரான ஆப்தர் வாக்குத்தானே? மறுப்புகளில் வலுவானது இதுதான். என்னிடம் ஆன்டெனா இல்லை. மலையைப் பற்றி நான் அறிந்தது முழுதும் உரை. ஆனால் ஆப்தரை ஆப்தர் என்று எப்படி அறிவது என்ற கேள்வியை உரை தனக்குத்தானே தீர்த்துக்கொள்ள முடியாது. ரேடார் உரை தன் பின்னால் பதிவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 1991-இல் மெகெல்லன் எடுத்த படங்களை 30 ஆண்டு கழித்து, அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெரிக் மீண்டும் எடுத்துப் பார்த்தார். மாட் எரிமலையை ஒட்டிய ஒரு வாய் பிப்ரவரியில் சுமார் 2.2 சதுர கிலோமீட்டர் பரப்பில் வட்டமாக இருந்தது. அக்டோபரில் ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டராக, உருக்குலைந்து இருந்தது. இரண்டு படமும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து எடுத்தவை. ஆகவே கோணம் மாறியதால் வடிவம் மாறித் தெரிகிறதோ என்பதுதான் முதல் ஐயம். அவரும் ஸ்காட் ஹென்ஸ்லியும் பல வடிவங்களைக் கணினியில் அமைத்து, இரு பக்கத்திலிருந்தும் அவை எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுத்தான், வாய் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று 2023 மார்ச்சில் எழுதினார்கள். மலையில் நெருப்பு உண்டு என்ற அந்தப் பழைய சூத்திரத்தை, புகை இல்லாமல், மலையையே கருதிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். யாரும் எரிகுழம்பைப் பார்க்கவில்லை.

சமய உரையின் நம்பகம் இப்படிப்பட்டதல்ல. அதைச் சொன்னவர் வாழ்ந்த வாழ்வு, அதைப் பின்பற்றியவருக்கு உள்ளே நேர்ந்த மாற்றம் ஆகியவையே அதன் சாட்சி. அந்தச் சாட்சியை ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை வேறொருவர் வேறொரு பக்கத்திலிருந்து படமெடுத்து ஒப்பிட முடியாது. சித்தாந்த நூல்களே இதை உணர்ந்திருந்தன. உலகியல் அறிவாகிய பாசஞானத்தாலும் உயிரின் தன்னறிவாகிய பசுஞானத்தாலும் பதியாகிய இறைவனை அறிய முடியாது, அவன் அருளே கண்ணாகத்தான் காண முடியும் என்பது அவற்றின் முடிந்த நிலை. கருதல் அங்கே வாயில் வரைதான் வரும். அப்படியிருக்க, ரேடாரைத் துணைக்கழைத்து எங்கள் நம்பிக்கையும் அத்தகையதே என்று வாதிடுவது, அந்த மரபு தானே கடந்து வந்த இடத்துக்கு அதைத் திருப்பி அனுப்புவதாகும். அருளைப் பற்றிப் பேசுகிறவர் அருளைப் பற்றியே பேசட்டும். பூதவாதிக்கும் இதில் மகிழ ஒன்றுமில்லை; கண்கூடு மட்டும் போதும் என்றால் அவன் மேக்ஸ்வெல்லை இழக்கிறான், வெள்ளி சுழலும் திசையையும் இழக்கிறான்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்னும் தம் நூலின் முதற்பாதி முழுவதையும் பரபக்கம் என்று பிறர் கொள்கைகளுக்கு ஒதுக்கினார். உலோகாயதன் முதலாக ஒவ்வொருவனும் என்ன சொல்கிறான் என்பதை அவன் வாய்மொழிபோலவே எழுதிவிட்டுத்தான் மறுத்தார். தன் துணிபு எங்கே உடையக்கூடும் என்று காட்டிவிட்டுப் பேசும் அந்தத் துணிச்சலை நான் ரேடார் ஆய்விலும் காண்கிறேன். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் என்விஷன் கலமும், நாசாவின் வெரிட்டாஸ் கலமும் புதிய ரேடார்களோடு வெள்ளிக்குப் போகத் திட்டமிடப்பட்டவை. மெகெல்லனைவிடப் பல மடங்கு நுட்பமாக அவை மாட் எரிமலையின் அந்த வாயை மீண்டும் வரையும். 1991 பிப்ரவரியில் தெரிந்த அதே சிறிய வட்டம் அங்கே அப்படியே இருக்குமானால், ஹெரிக்கும் ஹென்ஸ்லியும் கருதியது தவறு. அதைச் சொல்ல வேறெந்த வாதமும் தேவைப்படாது.